எதிர்வீட்டுக்காரிக்காக ஒரு மன்றாட்டு

என் மகளுடைய கல்யாணப் பேச்சு ஒரு ஜெபத்தில் முறிந்தது. நகையிலோ பணத்திலோ முறிந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆத்திரத்தைத் தீர்த்திருப்பேன். ஜெபத்தில் முறிந்ததால் வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

திண்டிவனத்தில் எங்கள் தெரு முழுக்க ஒரே அன்பியம். பங்கைத் தெருவாரியாகப் பிரித்து, இருபது வீடுகளை ஒன்றாகச் சேர்த்து அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம், வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, கடைசியில் ஆளுக்கொரு கருத்துச் சொல்லி வேண்டிக்கொள்வோம். ஒருவர் “ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்” என்று முடித்தால், மற்றவர்கள் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சேர்ந்து சொல்வோம். அதற்கப்புறம்தான் அசல் கூட்டம் ஆரம்பிக்கும். தட்டில் தர்பூசணியோ வேகவைத்த மல்லாட்டைக் கடலையோ வரும். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது, யார் வீட்டு இன்வர்ட்டர் பத்து நிமிஷத்தில் படுத்துவிடுகிறது, எந்த மருமகள் ஃபேமிலி குரூப்பை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனாள், எல்லாம் அங்கேதான் அலசப்படும். நானும் ஆசையாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். முன்பெல்லாம் ‘அவங்க’ என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது ‘அவள்’ என்றுதான் வருகிறது, வரட்டும். புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வீடியோவில் கூப்பிடுவான். அவனுக்கு அது காலை நேரம். அவள் வீட்டில் டவர் நிற்காது என்பதால் ஐந்து மணிக்கே போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வைஃபைக்கு வந்துவிடுவாள். பச்சையைத் தள்ளிப் பேசுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். மற்றபடி அந்த போனில் என்ன செய்ய வேண்டியிருந்தாலும் என் கையில்தான் கொடுப்பாள்.

போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஆளுக்கொரு விசிறியோடு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு உடம்பு, மாத்திரை என்று சுற்றிச் சுற்றி வந்தபோது நானே வாயைக் கொடுத்தேன். என் மகளுக்குப் பத்து வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது, மூன்று வருஷம் மாத்திரை சாப்பிட்டாள், பாண்டிச்சேரி டாக்டர் இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார், அப்புறம் வரவே இல்லை. இதை என் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொன்னதில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் வாயில இருந்து வெளிய போவாதும்மா” என்றாள்.

இந்த வருஷம் விழுப்புரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. விழுப்புரம் நான் பிறந்த ஊர். மகளும் அங்கேதான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள், தினமும் காலை ரயிலில் போய் வருகிறாள். பையன் நிதானமானவன் என்று என் அண்ணன் விசாரித்துச் சொன்னார். மகளும் அவனும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். வலிப்பு விஷயத்தை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவர்கள் வீட்டுக்கு வருகிற அன்று டாக்டர் கொடுத்த ஃபைலை முன்னால் வைத்து, நானே பக்குவமாகச் சொல்வதாக இருந்தேன். சொல்ல வேண்டியவள் நான். அதற்கு நாலு நாள்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அன்பியம் எதிர்வீட்டில். பையனுடைய அத்தை எங்கள் ஊரில்தான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவரையும் அன்றைக்கு எதிர்வீட்டுக்காரியே வரச்சொல்லியிருந்தாள். கருத்துச் சொல்ல இவள் முறை வந்தது. கண்ணை மூடி, கையை விரித்து, கோயில் மைக்கில் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்: “எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சிறு வயதில் இருந்த வலிப்பு நோய் மீண்டும் வராமல், நடக்கவிருக்கும் கல்யாணம் எந்தத் தடையும் இல்லாமல் நல்லபடியாக முடிய வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

எல்லாரும் சொன்னார்கள். அந்த அத்தையும் சொன்னார். ஜெபம் முடிந்து பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை, அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. இப்போதைக்குப் பையனுக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். மகள் “விடும்மா” என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாளும் அதே காலை ரயிலுக்குப் போனாள். அதற்குப் பிறகு மாடிப்படியில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டில் போய்ச் சத்தம் போட எத்தனை முறை வாசல் வரைக்கும் போயிருப்பேன் தெரியுமா. போய் என்ன கேட்பது? என் பிள்ளைக்காக ஏன் வேண்டிக்கொண்டாய் என்றா? ஃபாதரிடம் புகார் சொன்னால் அவரே சிரிப்பார். ஆள் தெரிந்து அடித்தாள், அதையும் சாமி பெயரில் அடித்தாள். எனக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. வெளியே அடித்த வெயிலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒன்றுமே நடக்காதது போல ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தாள். “சார்ஜ் கம்மியா இருக்கு, கொஞ்சம் போட்டுக் குடும்மா” என்று போனை நீட்டினாள். உள்ளே எடுத்துப் போனேன். சார்ஜரைச் செருகிவிட்டு, மகன் பெயரைத் தொட்டு, கடைசி வரைக்கும் கீழே தள்ளிப் போய், அவனை பிளாக் செய்தேன். அரை நிமிஷ வேலை. இனி அவன் கூப்பிட்டால் அவனுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும், இங்கே மூச்சுப் பேச்சு இருக்காது. இதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று ஏழு மணி வரைக்கும் போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. “இன்னான்னு தெரியல, நீயே ஒரு கால் போட்டுப் பாரும்மா” என்றாள். நான் திரையை என் பக்கம் திருப்பி எதையோ அழுத்திவிட்டு, “லைனே போவலக்கா. இந்த வெயில்ல போனுங்களே சூடாயி மக்கர் பண்ணுது” என்றேன்.

வெயில்மேல் பழியைப் போட்டது நன்றாகவே வேலை செய்தது. அடுத்த அன்பியத்தில் தர்பூசணித் தட்டைச் சுற்றி அவள் போனுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

“கவரை கழட்டி வைங்கக்கா, அதுக்கும் காத்து வேணும்” என்றாள் ஒருத்தி.

“என் மருமவ ஃபிரிட்ஜில ஒரு நிமிஷம் வச்சு எடுப்பா.”

“வைக்காதீங்க, தண்ணி கோத்துக்கினா அவ்ளோதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, எல்லா பேஜாரும் சரியாப் பூடும்.”

அவள் எல்லாவற்றையும் செய்தாள். ஈரத்துணியில் சுற்றி மண்பானை பக்கத்தில்கூட வைத்தாள். “பாவம், புள்ள அங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தவிச்சிக்கினு இருப்பான்” என்று எல்லாரிடமும் சொன்னாள். தவிக்கட்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் பிள்ளை சத்தம் வராமல் அழுதாள், இவள் பிள்ளையும் கொஞ்சம் அழட்டும்.

இரண்டாவது வாரம் அவள் ஆளே ஒரு சுற்று இறங்கிவிட்டாள். காலையில் கரைக்கிற கேப்பைக் கூழைக்கூட அப்படியே வைத்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில், இரண்டு மணிக்கே, போனைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். காலில் செருப்பு இல்லை. பிரஷர் மாத்திரை போட்டாளா என்று கேட்டதற்கு நினைவில்லை என்றாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. மோர் கொடுத்து, ஃபேனுக்கு நேராகப் பாய் போட்டேன். படுத்ததும் கண் அசந்துவிட்டாள்.

எனக்கு பயம் வந்துவிட்டது. இரக்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், பயம்தான். இவளுக்கு ஏதாவது ஆனால் அவனுக்கு நான்தானே தகவல் சொல்ல வேண்டும். சமையலறைக்குப் போய் பிளாக்கை எடுத்துவிட்டு அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை. இரண்டாவது முறை எடுத்தான்.

“அம்மாவா?”

“நான் எதிர்வீட்டு ஆன்ட்டிப்பா. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. இவ்ளோ நாளா போன் ரிப்பேரு. நீ கூப்பிட்டது எதுவும் வந்திருக்காது. பயந்துக்கினு இருந்தியா?”

“இல்லையே ஆன்ட்டி. நான் கூப்பிடலையே. ரெண்டு வாரமா வேலை ஜாஸ்தி. அம்மாவும் ஒண்ணும் கூப்பிடல, சரி நல்லா இருக்காங்கன்னு விட்டுட்டேன். நீங்க இன்னா பண்றீங்க, நான் ட்ரை பண்ணேன், லைன் கிடைக்கலன்னு சொல்லிடுங்க.”

வைத்துவிட்டேன். இரண்டு வாரம் நான் கட்டிக் காத்த பிளாக்கில் தடுக்கப்படுவதற்கு ஒரு காலும் வரவில்லை. முதலில் என்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது. தொட்டியிலிருந்த பாத்திரங்களைக் கழுவி முடிப்பதற்குள், இதைவிடப் பெரிய ஆயுதம் என் கைக்கு வந்திருக்கிறது என்று புரிந்தது.

அவள் எழுந்ததும், “போன் சரியாயிடுச்சுக்கா, இனிமே கால் வரும்” என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை வந்து உட்கார்ந்தாள், கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் மட்டும், “இன்னும் ரிப்பேராத்தான் கீது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன் நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அன்பியம் என் வீட்டில். காலையிலிருந்து அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வீடு பெருக்கினேன். ஒரு சொல் கூடக் கூடாது, ஒரு சொல் குறையக் கூடாது. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அவளுக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டேன், எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி. என் முறை வந்தது. நானும் கண்ணை மூடிக் கையை விரித்தேன்.

“எங்கள் தெருவில் ஒரு தாய் தன் மகனின் குரலுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய போன் பழுதாகவில்லை. பெற்றவளைக் கூப்பிட நேரமில்லாத அந்த மகனின் மனதைத் தொட்டு, அவன் தாயை நினைத்துப் பார்க்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

கண்ணைத் திறந்தேன். அவள் குறுகிப்போவதைப் பார்ப்பதற்காகத்தான் திறந்தேன். கூடியிருந்தவர்கள் பதில் சொல்வதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அவள்தான் முதலில், தனியாக, சத்தமாகச் சொன்னாள்: “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” அவள் கண் மூடியே இருந்தது. மற்றவர்கள் அவசரமாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று தர்பூசணியைச் சுற்றிப் பேச்சு ஓடவில்லை. வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவள் மட்டும் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். வரட்டும், கேட்கட்டும், நானும் கேட்கிறேன், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று திரும்பி நின்றேன். அவள் தட்டுகளைத் தொட்டியில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தாள்.

“ரொம்ப நல்லா வேண்டிக்கினம்மா. இத்தினி நாளா எனக்கே அதைக் கேக்க வாய் வரல. நீ எனக்காகக் கேட்டுட்ட.”

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னாள். அப்படியென்றால் என் மகளுக்காக அன்று கையை விரித்து நின்றதும் இதே மாதிரி மனதாரத்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த அத்தையை வரச்சொன்னதும், அவரும் சேர்ந்து வேண்டட்டும் என்றுதானோ. இவ்வளவு நாள் எரிந்துகொண்டிருந்த கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் செய்துவிட்டு, அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்காகவும் நான் அவளை மன்னிக்கப் போவதில்லை.