தன் சரக்கே எதிரில் வந்த நாள்

அலெக்ஸாந்திரியாவில் கடலடிக் கேபிளின் இணையக் கொள்ளளவை மொத்த விலைக்கு விற்கும் வேலையில் வக்தி பிஷாரா இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். சேர்ந்த புதிதில் ஒரு மெகாபிட்டுக்கு மாதம் நூற்றிருபது டாலர் கேட்பார். வாங்குபவர்கள் தட்டாமல் கொடுப்பார்கள். இப்போது இரண்டு டாலர் என்றாலும் முகம் சுளிக்கிறார்கள். வருடா வருடம் முன்னைவிடக் கூடுதலாக விற்றால்தான் போன வருட வருமானமாவது கைக்கு வரும். ஓடுகிற பட்டையின் மேல் நின்ற இடத்திலேயே நடப்பதுபோல் இருந்தது அவருக்கு.

முழுப் பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாதம். இன்னொரு வாடிக்கையாளர் போனால் வக்தியின் விற்பனைப் பிரிவையே மூடிவிடுவதாகத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. மூடினால் பாதிப் பென்ஷன்தான்.

அந்த வாரம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் மிஸ்ராத்தா நகரில் இணையச் சேவை நடத்தும் ஹாஜி மிஃப்தாஹுடையது. விலையைத் தொடாமல் கொள்ளளவைக் கூட்டிக் கொடுத்து அவரை இத்தனை காலம் பிடித்துவைத்திருந்தார் வக்தி. இந்த முறை அது பலிக்கவில்லை. கொடுத்ததிலேயே பாதி சும்மா கிடக்கிறது, ஊரில் அதற்குமேல் ஆள் இல்லை என்று ஹாஜி எழுதிவிட்டார். கூடவே மார்செய் நகரத் தரகு நிறுவனம் ஒன்றின் விலைக்கடிதத்தையும் அனுப்பியிருந்தார். ஒரு டாலர் பத்து சென்ட். இது நிஜமா, ஏமாற்றா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். போட்டிக்காரனின் கடிதத்தை விற்கிறவனிடமே காட்டிக் கேட்கிற மனிதர்.

கிறிஸ்தவர்கள் இறைச்சியும் பாலும் தொடாத நோன்புக்காலம். எண்ணெய் ஊற்றிய ஃபூல் அவரையைத் தின்றுகொண்டே வக்தி அந்த விலைக்கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கேபிள் கரையேறும் இடங்கள், பாதை எண்கள். அவரே போட்ட எண்கள். மூன்று வருடம் முன்பு அந்த மார்செய்காரர்களுக்குப் அந்தக் கொள்ளளவைப் பதினைந்து வருடக் குத்தகையில் மொத்தமாகத் தள்ளிவிட்டது அவர்தான். அந்த விற்பனைக்காகத் தலைமை அலுவலகத்தில் கண்ணாடிக் கேடயம்கூடப் பரிசாகக் கொடுத்தார்கள்.

எதிர் மேசை நெர்மீன் எட்டிப் பார்த்தாள். "என்ன உஸ்தாத், நம்மகிட்ட வாங்கி நம்மளையே அடிக்கிறானா?"

"ஆமா. கேடயத்தைத் தண்ணியில ஊறவெச்சுக் குடிக்க வேண்டியதுதான்."

அந்தக் கேபிள் அடிக்கடி அறுந்துபோகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹாஜி நம்பிவிடுவார். வக்தி தொலைபேசியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"நிஜம்தான் ஹாஜி. வாங்கிக்கோங்க. அது என் சரக்குதான், நல்லா ஓடும்."

மறுமுனையில் ஹாஜி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்களுக்குப் பென்ஷன் எப்போ உஸ்தாத்?"

"எட்டு மாசம்."

ஹாஜிக்கும் கட்டணம் கட்டாத வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், ஜெனரேட்டருக்கு டீசல் போட வேண்டியிருந்தது.

"பழைய விலையில மூணு மாசம் தாங்குவேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்கமாட்டேன்."

ஒப்பந்தப் படிவத்தில் ஒரு வருடத்துக்குக் குறைந்த காலமே இல்லை. வக்தி 'ஒரு வருடம்' என்பதைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் 'மூன்று மாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி ஐந்து மாதத்துக்கு வேறு யாரையாவது பிடிக்க வேண்டும். ஆறிப்போன அவரையை ஒதுக்கிவிட்டு வாடிக்கையாளர் பட்டியலை மேலிருந்து பார்க்கத் தொடங்கினார்.