தெரசாவ கேளு

மானிட்டரைப் போர்த்தியிருக்கும் பூப்போட்ட துணியை எடுப்பதற்கு முன்னால் தெரசா மவுஸைப் பார்ப்பார். முந்தின நாள் மாலை கிளம்பும்போது அதன் வாலை கீபோர்டுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தச் சுற்று ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் போச்சு. "என் மவுஸ யாரு தொட்டது?" என்ற கேள்வியோடுதான் கள்ளக்குறிச்சியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் அந்தப் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பொழுது தொடங்கும். கூட்டிப் பெருக்கும் ராஜாம்பாள் துடைப்பத்தை நிறுத்தாமலே பதில் சொல்வார். "நா இன்னாத்துக்குமா தொடப் போறேன்? அது கடிக்குமா நக்குமான்னே எனக்குத் தெரியாது."

தெரசாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறார். கணவர் பிலிப்பு கரும்பு லாரி ஓட்டுகிறவர். சீசனில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டுக்கு வராவிட்டாலும் எங்கே போனாய் என்று தெரசா கேட்டதில்லை. சந்தேகம், வேவு, கோபம் எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்கென்றே எடுத்து வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டியும் லேசுப்பட்டதல்ல. காலையில் உயிர் வந்ததும் குயில் கூவும். திரை முழுக்க நாற்றங்கால் பச்சை. அம்புக்குறி கட்டைவிரல் பருமனில் மஞ்சளாக இருக்கும். கேப்ஸ் லாக் பட்டனை ஒரேயடியாகச் சாகடித்து வைத்திருக்கிறார், கை பட்டு எழுத்து மாறுகிறதாம். திரையின் அடியில் நாலே நாலு படங்கள்: கிரயத்துக்கு வீடு, தானத்துக்குப் பூ, அடமானத்துக்குப் பூட்டு, பாகப்பிரிவினைக்குக் கத்தரிக்கோல். வேறு யாராவது உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் தலை சுற்றி எழுந்துவிடுவார்கள். தெரசாவுக்கு வேண்டியதும் அதுதான்.

உட்காருகிற நாற்காலி இரும்பு நாற்காலி. பதினோரு வருஷமாக நகராத நாற்காலி. கால்களில் இருந்த ரப்பர் எப்போதோ தேய்ந்து போய், நான்கு துருவட்டம் சிமெண்ட் தரையில் ஊறிக் கிடக்கிறது. காகிதம் வேண்டுமா, கையெழுத்து வேண்டுமா, பார்ட்டிதான் அவரிடம் வரவேண்டும், முதலாளியே வரவேண்டும். முதலாளி காசிநாதன் பத்திரம் எழுதுவதில் புலி, கம்ப்யூட்டர் முன்னால் பூனை. பிரிண்டர் முனகினாலும், நெட் படுத்தாலும், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் திரை கருத்துப் போச்சு என்று ஓடி வந்தாலும் கண்ணாடியைக் கழற்றாமல் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "தெரசாவ கேளு." ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை விழும் அந்த வார்த்தைக்காகத்தான் தெரசா காய்ச்சலிலும் வேலைக்கு வருவார். சம்பளம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வித்தையெல்லாம் எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, அவர் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. பன்னிரண்டரை மணிக்குப் பதிவு டோக்கன். திருநாவலூரிலிருந்து வந்த குடும்பம் வாசலில் நிற்கிறது. கூட்டி வந்த மெக்கானிக், "ஃபார்மட் அடிச்சாதான் ஆவும்" என்று கையை உதறினார். அடித்தால் காசிநாதன் வருஷக்கணக்காகச் சேர்த்த மாதிரிப் பத்திரங்கள் அத்தனையும் போகும். தெரசா போனில் தேடித் தேடிப் போய் 'ஜன்னலோரம்' என்ற குழுவில் விழுந்தார். விண்டோஸ் பைத்தியம் பிடித்த தமிழர்கள் கூடும் இடம் அது. மட்டக்களப்பில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், "எழுத்துருக் கோப்பின் மேல் வலது பட்டனை அழுத்தி, எல்லாப் பயனருக்கும் நிறுவு என்று கொடுங்கோ தங்கச்சி" என்று ஒரே வரியில் சொன்னார். கட்டங்கள் திரும்ப எழுத்தாயின. பதிவும் முடிந்தது.

மறுவாரமே "சாப்டியா செல்லம்" என்று மூன்று பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். தெரசா அந்தக் கணக்கை மூடிவிட்டு வேறொன்று திறந்தார். பெயர் கேட்டது. மேஜையில் கிடந்த கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் பெயர் கண்ணில் பட்டது: பொன்னம்பலம், வயது 58. அதையே போட்டார். படத்துக்கு ஒரு செம்பருத்தி. அதற்கப்புறம் யாரும் அவருடைய சாப்பாட்டை விசாரிக்கவில்லை. எல்லாரும் "பொன்னம்பலம் ஐயா" என்றார்கள்.

ஐயா பஸ்ஸிலேயே வளர்ந்தார். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், ஜன்னலோரத்தில் படிப்பார், கேட்டதைப் பழைய உரக்கடை டைரியில் எழுதிக்கொள்வார். ஒரு வருஷத்தில் பதில் சொல்லவும் தொடங்கிவிட்டார். நாகர்கோவில் டீச்சருக்கு, ஷார்ஜா சமையல்காரருக்கு, யார் பெற்ற பிள்ளைக்கோ எல்லாம் படிப்படியாக, படம் போட்டு, "அவசரம் வேண்டாம், மவுஸ் எங்கும் ஓடிவிடாது" என்று முடிப்பார். டைரி மட்டும் மேஜை இழுப்பறையில் பூட்டுக்குள் இருக்கும். அலுவலகத்தில் யாராவது "எப்பிடி பண்ணீங்க?" என்று கேட்டால், "அது பெரிய வேலை" என்பதோடு சரி.

போன ஆடியில் மலர்விழி வந்து சேர்ந்தார். சின்னசேலத்துக்காரர், தெரசாவைவிட இரண்டு வயது இளையவர். புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் ஒன்பது வருஷம் டைப் அடித்தவர். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். பார்ட்டியின் முகத்தைப் பார்த்து, "பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?" என்று விசாரித்துக்கொண்டே நிலத்தின் நாலு எல்லையையும் அடித்து முடித்துவிடுவார். தெரசா ஆறு விரலால், குனிந்தபடி அடிக்கிறவர். காசிநாதன் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார். அடுத்த வாரம் விண்டோஸ் பதினொன்று போட்ட புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து, ஆறடி தள்ளி மலர்விழி முன்னால் உட்கார்ந்தது. தெரசாவின் பழைய பெட்டிக்குப் பதினொன்று ஏறாது.

தெரசாவுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. புதுத் திரையின் வெளிச்சம் மலர்விழி முகத்தில் விழுவதைப் பார்த்தால் பகல் சோறு இறங்கவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டி திரும்ப எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு நொடி நினைப்பார், பிறகு சிலுவை போட்டுக்கொள்வார். இரண்டாம் நாளே மலர்விழி கேட்டார்: "தெரசாக்கா, இந்த ஸ்டார்ட் பட்டன் நட்ட நடுவுல குந்திக்கினு கீது. இத்த ஓரத்துக்குத் தள்ள முடியாதா?" மூன்று சொடுக்கு வேலை. தெரசா திரும்பாமலே, "பாத்துக்கினு சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. மலர்விழியும் அப்புறம் கேட்கவில்லை.

வினை பிரிண்டர் ரூபத்தில் வந்தது. அலுவலகத்தில் இரண்டு பிரிண்டர்கள், ஒன்று பத்திரத்துக்கு, ஒன்று பார்ட்டிகளின் பாஸ்போர்ட் போட்டோவுக்கு. முனியன் என்பவரும் தம்பிகளும் கல்வராயன் மலையடிவாரத்து நிலத்தைப் பிரித்துக்கொள்ள வந்திருந்தார்கள். மலர்விழி பிரிண்ட் கொடுத்தார். போட்டோ பிரிண்டர் சீறியது. பாகப்பிரிவினைப் பத்திரம் உள்ளங்கை அகலப் பளபளப்புத் தாளில் வந்து விழுந்தது. முனியன் அதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "இம்மாத்தூண்டு நெலமாங்க எம் பங்கு?"

"தெரசாவ கேளு" என்றார் காசிநாதன்.

தெரசாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆனால் மலர்விழி, "வேணாங்க, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். அந்த வார்த்தை விழுந்தும் யாரும் தன்னிடம் வராதது தெரசாவுக்கு அதுவே முதல் தடவை.

அன்று மாலை பஸ்ஸில், போனில் ஜன்னலோரத்தைத் திறந்தால் முதல் கேள்வியே அதுதான். 'மலர், சின்னசேலம்' என்று போட்டு எழுதியிருந்தது: "வணக்கம். பத்திர ஆபீசில் வேலை. போட்டோ அடித்த பிறகு எது பிரிண்ட் கொடுத்தாலும் போட்டோ பிரிண்டருக்கே போகிறது. ஆபீசில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்க மனம் வரவில்லை. யாராவது உதவுங்கள்."

தெரசா போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பஸ் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது. பதில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார். அந்த முடிவு இரண்டு நிறுத்தம் வரை இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் எடுத்துப் பார்த்தால், 'குவைத் தங்கதுரை' பதில் போட்டிருந்தார்: விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவும். இந்த ஆளுக்கும் பொன்னம்பலம் ஐயாவுக்கும் நன்றி எண்ணிக்கையில் நாலு வருஷப் போட்டி. மலர்விழி உருப்படுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தங்கதுரை நன்றி வாங்குவதை எப்படிப் பொறுப்பது? இறங்குவதற்குள் ஐயா எழுதிவிட்டார். "செட்டிங்ஸில் பிரிண்டர் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பிரிண்டர் என்பதை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே அது பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, பத்திரப் பிரிண்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவசரம் வேண்டாம், மவுஸ் எங்கும் ஓடிவிடாது." அப்படியே ஸ்டார்ட் பட்டனை ஓரத்துக்குத் தள்ளும் வழியையும், யாரும் கேட்காமலே, கடைசியில் சேர்த்தார்.

மறுநாள் மலர்விழி பளிச்சென்று இருந்தார். பத்திரம் பத்திரத் தாளில் வந்தது. "பொன்னம்பலம்னு ஒரு பெரியவருங்க" என்று காசிநாதனிடம் சொன்னார். "நெட்டுல கீறாரு. இன்னா பொறுமைங்க அவருக்கு. நாம கேக்காததையும் சேத்து சொல்லிக் குடுக்கறாரு. நல்ல மனசு." கடைசி இரண்டு வார்த்தைகள் ஆறடி தாண்டி வந்து தெரசாவின் மேஜையில் விழுந்தன. நியாயமாகப் பார்த்தால் மகிழ வேண்டும். தெரசாவுக்கு அந்தப் பெரியவரைப் பிடிக்காமல் போயிற்று.

அதற்கப்புறம் அலுவலகத்தில் ஐயாவின் ராஜ்ஜியம். ஸ்கேனர் மக்கர் செய்தால், "அந்தப் பொன்னம்பலத்த கேளேன்" என்றார் காசிநாதன். நெட் மெதுவானால் பொன்னம்பலம். ஜெராக்ஸ் கடைக்காரரும் பொன்னம்பலம் என்றார். ஒரு நாள் தெரசாவின் சொந்தப் பெட்டியே திணறியபோது காசிநாதன் பரிவாகச் சொன்னார்: "கவுரவம் பாக்காத தெரசா. நீயும் அவரயே ஒரு வார்த்த கேட்டுப் பாரு." தெரசா அன்று டிபன் பாக்ஸை மூடின வேகத்தில் ராஜாம்பாள் திரும்பிப் பார்த்தார்.

ஐயாவைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தார் தெரசா. கணக்கை மூட ஒரே அழுத்து. ஆனால் முந்நூற்றுப் பதினோரு நன்றி. மனம் வராமல், ஐயாவை ஐந்து நாள் பேச விடாமல் வைத்தார். ஆறாம் நாள் மலர்விழி விபூதியோடு வந்தார். "ஐயா அஞ்சு நாளா ஆளையே காணோம்கா. வயசானவரு, ஒடம்புக்கு இன்னாவோ? கோயில்ல அவரு பேருக்கு வேண்டிக்கினு வந்தேன்." தான் மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தபோது இவள் ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. தான் கேட்க விட்டோமா என்ற நினைப்பும் கூடவே வந்தது, அதை உள்ளே சேர்க்கவில்லை. பகலில் ஐயா "நலமாக இருக்கிறேன் அம்மா" என்று ஒரு வரி போட்டார். மலர்விழி அதை ராஜாம்பாள் வரைக்கும் கொண்டு போய்க் காட்டினார்.

சென்ற வாரம் புதன்கிழமை. பதினொன்றரைக்கு டோக்கன். பார்ட்டி வாசலில் நிற்கிறது. காசிநாதனின் பழைய மாதிரிப் பத்திரம் ஒன்றை மலர்விழி புதுப் பெட்டியில் திறந்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. தெரசா தன் இடத்திலிருந்தே பார்த்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முந்திய அதே கட்டங்கள்.

"கம்முனு ஐயாவ கேளு" என்றார் காசிநாதன்.

மலர்விழி ஏற்கெனவே போனில் தட்டிக்கொண்டிருந்தார். அனுப்பினார். தெரசாவின் இழுப்பறைக்குள், உரக்கடை டைரியின் மேல் இருந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. மலர்விழி தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஐயா இந்நேரம் பாத்திருப்பாருங்க. சொல்லிடுவாரு" என்றார், வாசலில் நின்றவர்களுக்குத் தைரியமாக.

தெரசா இழுப்பறையைத் திறந்தார். போனை எடுக்கவில்லை. டைரியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார். இரும்பு தரையில் கிறீச்சிட்ட சத்தத்துக்குக் காசிநாதன் கண்ணாடியையே கழற்றிவிட்டார்.

"தள்ளிக் குந்து" என்றார் தெரசா. "எங்கியோ கீற கெழவனுக்கு நம்ம ஆபீஸ் கட்டத்தப் பத்தி இன்னா தெரியும்? மவுஸக் குடு. இல்ல, நீயே புடி. அந்த எழுத்து ஃபாண்ட் ஃபைலு மேல வச்சி ரைட்டுல அமுக்கு. அவசரப்படாத, மவுஸு எங்கியும் ஓடிப்பூடாது."

மலர்விழியின் விரல் பட்டன் மேல் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பித் தெரசாவைப் பார்த்தார். தன் நாற்காலியை அரையடி நகர்த்தி இடம் விட்டார்.

ஆறடி தள்ளி, தெரசாவின் மேஜைக்கு முன்னால், நான்கு துருவட்டங்கள் வெறுமனே கிடந்தன. ராஜாம்பாள் துடைப்பத்தோடு வந்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தைக் கூட்டினார்.