கப்டனின் உறவினர்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவை ஹனோவர் மண்ணில் வைத்து ஒரு வருடம் நிறைகிறது. எனக்குப் பெரிய எழுத்து வராது. ஆனாலும் அவர் வென்ற ஒரு காரியத்தை நீங்கள் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பெரியப்பா மன்னார்க் கரையில் பிறந்தவர். அப்பப்பா கடலில் இறந்துபோனபின் வலை இழுத்து எங்களை வளர்த்தவர். எண்பதுகளில் ஒரு காலை, சிப்பாய்கள் பெரியப்பாவையும் ஊர் இளைஞர்களையும் கடற்கரையில் முழங்காலில் நிறுத்தினார்கள். துப்பாக்கிகள் நீட்டியாயிற்று. அப்போது ஓர் அதிகாரி குறுக்கே வந்து அவற்றைத் தாழ்த்தச் சொல்லி, இவர்களை ஓடும்படி கையைக் காட்டினாராம். அவருடைய பெயர் பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு ஜெர்மனிக்கு வந்து, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அகதி முகாம், கோப்பை கழுவல் எல்லாம் கடந்து, ஹனோவரில் ஒரு சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு மூலையில் பாசி பிடித்த கல்லொன்று. ஒருநாள் அதைத் துலக்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் கப்டன் ஒருவர். தென் அமெரிக்காவில், சிலி நாட்டு உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். "சிறைப்பட்டவர்களைச் சுட மறுத்தார்" என்று கீழே வெட்டியிருந்தது. அன்று முதல் பெரியப்பா மதியப் பாணை அந்தக் கல்லடியில்தான் சாப்பிடுவார்.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. தவணை முடிந்து உறவினர் வராவிட்டால் கல்லைக் கிளப்பிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் கப்டனின் கல்லில் மஞ்சள் தாள் ஒட்டப்பட்டது: "உறவினர்கள் அலுவலகத்துக்கு வரவும்." யாரும் வராவிட்டால் அதைக் கிளப்பும் வேலை பெரியப்பாவின் கைக்குத்தான் வரும். அவர் டெர்மின் எடுத்து, அலுவலகத்துக்குப் போக நேரம் குறித்தார். என்னையும் கூட்டிப் போனார்.

"அண்ணை, என்ன சொல்லப் போறியள்?"

"உறவினர் எண்டு சொல்லப் போறன்."

"விசரே உங்களுக்கு? அவர் வெள்ளைக்காரன். உங்களைப் பார்த்தால் ஆரும் நம்புவினமே?"

"நீ வாயைத் திறவாமல் நில், காணும்."

அலுவலகப் பெண்மணி தாளைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "எந்த வழியில் உறவு?" என்று கேட்டார்.

பெரியப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கடற்கரைக் கதையைச் சொன்னார். எனக்கே அன்றுதான் முழுக்கதையும் தெரிந்தது. "சுடாமல் விட்டவருக்கு, சூடு படாமல் வந்தவன் சொந்தம்தானே" என்று முடித்தார்.

அந்தப் பெண்மணி படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "இந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையே" என்றார்.

"அப்ப ஒண்டைக் கீறுங்கோ."

அவர் சிரித்துவிட்டார். பேனையால் ஒரு கட்டம் கீறினார். சில மாதத்தில் பெரியப்பாவைப் பராமரிப்பாளராக ஏற்றுக் கடிதம் வந்தது. "கல் நிக்குதடா" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர், அன்று வேலையிடத்தில் எல்லாருக்கும் ரோல்ஸ் கொடுத்தார்.

வைத்தியசாலையில் கடைசிக் கிழமையிலும், "கப்டனுக்குத் தண்ணி ஊத்தினியே?" என்றுதான் கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். ஊற்றியிருக்கவில்லை. உடனே போய், கொட்டும் மழையில் நின்று கல்லடிப் பூங்கன்றுகளுக்கு ஊற்றினேன்.

பெரியப்பாவைக் கப்டனுக்கு ஆறு கல்லறை தள்ளி வைத்தோம். கூட வேலை செய்தவர்கள் வேறு யாரையும் விடாமல் தாங்களே குழி வெட்டினார்கள். அவர்களுக்கும், செபித்த சுவாமியாருக்கும், சமைத்துத் தந்த அக்காமாருக்கும், கட்டம் கீறிய பெண்மணிக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்தக் கடற்கரை அதிகாரிக்கும் நன்றி.

ஒருநாள் பெரியப்பாவின் கல்லிலும் மஞ்சள் தாள் ஒட்டுவார்கள். அப்போது நான் இருக்க மாட்டேன். நீங்கள் போய், உறவினர் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். எந்தக் கல்லுக்கு என்று கேட்டால், இரண்டையும் காட்டுங்கள்.