பாத்தியில் விழுந்த குழந்தை

தாலுகா அலுவலகத்தில் இருந்தவரை சான்று இல்லாத மனு எதையும் நான் ஏற்றதில்லை. சொந்த நினைவை மட்டும் சோதிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்று வயதில் மரக்காணத்தில் உப்புப் பாத்திக்குள் விழுந்தேன். அப்பா தூக்கி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி என் கண்களைக் கழுவினார். மறு வருடமே இறந்துபோன அவரைப் பற்றி எனக்கிருந்த ஒரே நினைவு அது. ஓய்வுபெற்ற நாளன்று எனக்கு மாலை போட்டவர் யாரென்பது மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

போன வாரம் அனுமந்தையில் அக்காவின் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

“டேய், விழுந்தது நான்டா. நீ வரப்புல நின்னு அழுதுட்டிருந்த.”

“சும்மா இரு அக்கா. அந்தக் கொழந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.”

“உன் மூஞ்சி உனக்கு எப்படிடா தெரிஞ்சிது?”

உட்கார முடியாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

“அப்பா உன்னையும் ஒரு தடவ தூக்கியிருப்பாருடா.”

சாட்சி யார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஒரு வாரமாக உப்பளத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். அக்காவின் அந்த ஒரு சொல்லை மட்டும் விசாரணையில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.