ஆயா பணியிடத்தில் இல்லை

“பாவாட ஈரமா இருக்குதா? பரவால்ல, மாட்டிக்க. ஸ்கூலு போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சிடும்.”

மணி ஒன்பதரை. இது ஐந்தாவது வீடு. இஞ்ஞாசியம்மாளின் வலது கையில் ஒரு பிள்ளை, இடது கையில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு. உள்ளே இருக்கிற பிள்ளை பாவாடை கட்டி வரும்வரை வாசலில் நின்றபடி வாய்க்குள் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிப்பார். அதற்கு மேலும் நேரமானால், “ரெண்டாவது மந்திரம் ஆரம்பிச்சிட்டேன்டி!” என்று ஒரு குரல் கொடுப்பார். மூன்றாவது மந்திரம் வரைக்கும் எந்தப் பிள்ளையும் அவரைக் காக்க வைத்ததில்லை.

விருத்தாசலத்துச் சூளைமேட்டுத் தெரு தொடக்கப் பள்ளியில் அவர் சத்துணவு ஆயா. வயது ஐம்பதுக்கு மேலே. அரிசி களைவது, காய் நறுக்குவது, தட்டு கழுவுவது, இவ்வளவுதான் சர்க்கார் அவருக்குச் சொன்ன வேலை. தெருவுக்குள் போய்ப் பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது. ரிஜிஸ்தரில் நாற்பத்தாறு பேர் என்று நாற்பத்தாறு பேருக்கு உலை வைப்பார்கள். சாப்பிட முப்பது பேர்தான் உட்காருவார்கள். “ஆண்டவர் குடுத்த சோறு. நாய்க்குப் போடறதா?” என்று ஒரு நாள் தெருவுக்குள் இறங்கியவர்தான். ஏழு வருஷமாக இறங்கிக்கொண்டே இருக்கிறார்.

அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் செராமிக் கம்பெனி வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கிக் கொண்டுவந்து இறக்குவார்கள். அச்சு சேர்ந்த இடத்தில் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஆடி பிறந்தால் கொலு சீசன். பெரியவர்களின் விரல் நுழையாத சந்துகளில் பிள்ளைகளின் விரல் நுழையும் என்பதால், அந்த மாதங்களில் ஒன்றாம் வகுப்புக்காரிகூட வீட்டில் முக்கியமான ஆள்.

அவர்களிடம் படிப்பின் அருமையைப் பற்றி இஞ்ஞாசியம்மாள் பேசியதே இல்லை. நேரே போய் மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்காருவார். “அவ பங்கு எத்தன? பத்தா? குடு இங்க, நான் பாக்குறேன். பொண்ண அனுப்பு.” அவ்வளவுதான் பேச்சு. வேதக்கார அம்மாள் மடியில் பிள்ளையாரை வைத்துக்கொண்டு பிளேடு பிடிப்பதைப் பார்த்துச் சில பேர் சிரிப்பார்கள். அவரோ பயபக்தியோடு, “கொஞ்சம் காத காட்டுங்க சாமி, வலிக்காது,” என்று பிள்ளையாரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

தலைமையாசிரியர் அரங்கநாதனுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அவர் பத்தே காலுக்கு வருவார். வரும்போது வகுப்பு நிறைந்திருக்கும். மணி அடித்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம்.

போன ஆகஸ்டில் மேலிடத்திலிருந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் ‘பள்ளியின் பலங்கள்’, இரண்டாம் பக்கத்தில் ‘குடும்பங்களுக்குப் பள்ளி அளிக்கும் ஆதரவு’. நிரப்பி வைக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அரங்கநாதன் சார் இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினார். சுற்றுச்சுவர் உண்டு, மூன்று பக்கம். எண்பத்தெட்டில் வந்த அறிவியல் பெட்டி புதிது போலவே உள்ளது, பூட்டைத் திறந்ததில்லை. உலக உருண்டை உண்டு, பாலித்தீன் உறை பிரிக்காமல். மாதந்தோறும் பெற்றோர் கூட்டம் என்று எழுதும்போது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிவிட்டார்.

பலம் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. “ஆயாம்மா, இந்த ஸ்கூலுக்கு இன்னும் என்னா பலம் இருக்குது, சொல்லு பாப்போம்.”

“வேப்பமரம் இருக்குதுங்க சார். நல்ல நெழலு.”

சார் சிரித்துவிட்டு, ‘இயற்கைச் சூழல்’ என்று எழுதினார். எழுதி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. “நாளைக்கி ஆபீசரு தலைய எண்ணுவாரு. நாப்பதுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் ரெண்டாவது போஸ்ட்ட எடுத்துடுவாங்க. நீலாவதி டீச்சர வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அதனால எல்லாம் பாக்க லட்சணமா இருக்கணும். நீ வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வாசல்லயே நில்லு. எளநீரு, பிஸ்கட்டுத் தட்டு உன் பொறுப்பு. எங்கயும் அசையக்கூடாது.”

“காலையில ஒரு நட மட்டும் தெருவுக்குப் போயிட்டு வந்துடறேன் சார்.”

“தெருவுல என்னா வேல ஒனக்கு? எட்டு மணிக்கெல்லாம் இங்க இருக்கணும்.”

இஞ்ஞாசியம்மாள் எதிர்த்துப் பேசிப் பழகியவர் அல்ல. மறுநாள் எட்டு மணிக்கு வெள்ளைச் சேலையில், கையில் தட்டோடு, வாசலில் நின்றார். எட்டரைக்கே வந்துவிட்ட சாரும் வேட்டி கசங்காமல் பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். பிறகு வரவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, இளநீரை வாங்கிக்கொண்டு, முதலில் படிவத்தைப் பார்த்துவிடலாம், எண்ணிக்கை பிறகு என்று அறைக்குள் போனார். நீலாவதி டீச்சர் முகம் வெளுத்து வெளியே வந்தார்.

“ஆயாம்மா, முப்பத்தொண்ணுதான் இருக்குது. மத்ததெல்லாம் எங்க?”

“நான் போவலியே டீச்சர்.”

தினமும் தெருவுக்குப் போகிறவர் இன்று போகவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இஞ்ஞாசியம்மாள் பிஸ்கட்டுத் தட்டை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சுவர் இல்லாத நான்காவது பக்கமாக வெளியேறினார்.

அன்று மந்திரம் சொல்ல நேரமில்லை. “எந்திரி, ஓடு, கையக் கழுவ வேணாம்.” வீடு வீடாக எட்டுப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டார். அவர்களுடைய பங்கை மத்தியானம் வந்து முடித்துத் தருவதாக வாக்கு. ஆக முப்பத்தொன்பது. மீதி ஏழு பேரில் நான்கு பேர் சேத்தியாத்தோப்புக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், இரண்டு பேருக்குக் காய்ச்சல். மிச்சம் சிந்தாமணியின் மகள் வெண்மதி.

சிந்தாமணி தலை நிமிரவே இல்லை. “யக்கா, இன்னைக்கி ஆவாது. பதினோரு மணிக்கிக் கம்பெனி வண்டி வந்துடும். ரெண்டு பலக பாக்கி கெடக்குது. இவ இல்லன்னா எனக்குக் கை ஓடாது.”

“எத்தன பொம்ம?”

“நாப்பது.”

“அங்கயும் நாப்பதுதான்டி கேக்குறாங்க.”

“யாரு?”

“ஆபீசரு. தல எண்ண வந்திருக்காரு. ஒரு தல கொறையுது. நீலாவதி டீச்சர மாத்திடுவாங்க.”

“மாத்துனா மாத்தட்டும். வேற டீச்சர் வராமலா போயிடுவாங்க?”

“வேற யாரும் வரமாட்டாங்க. பெரிய சாரேதான் அஞ்சு வகுப்பையும் பாப்பாரு.”

சிந்தாமணியின் பிளேடு நின்றது. அவளும் இதே பள்ளியில் அதே சாரிடம் படித்தவள். மூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவைத்துவிட்டு சார் தூங்கிப்போவார். அதனால் இன்று வரை அவளுக்கு நான்காம் வாய்ப்பாடு தெரியாது. “அய்யய்யோ,” என்றாள். “ஏ வெண்மதி, ஓடுடி! ஓடு!”

வெண்மதி ஓடினாள். இஞ்ஞாசியம்மாள் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வெண்மதியின் பங்கு இனி அவர் பங்கு. வண்டி வரும்வரை எழுந்திருக்க முடியாது.

பள்ளியில் அதிகாரி வெளியே வந்தபோது, திறந்த பக்கமாகப் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். எண்ணினார். நாற்பது. ஒரு பையனின் கையைப் பிடித்துப் பார்த்து, “என்ன தம்பி, கையெல்லாம் வெள்ளையா இருக்கு?” என்றார்.

பையன் வாயைத் திறப்பதற்குள் அரங்கநாதன் சார் முந்திக்கொண்டார். “சாக்பீசுங்க ஐயா. எந்நேரமும் போர்டுலதான் எழுதுவானுங்க.”

அதிகாரி எழுதினார்: ‘பலம்: பிள்ளைகள் எவரும் அழைக்காமல், தாமாகவே ஆர்வத்துடன் பள்ளிக்கு ஓடி வருகிறார்கள். நேரில் கண்டேன். கரும்பலகைப் பயன்பாடு மிகச் சிறப்பு.’ பிறகு இன்னொரு இளநீர் கேட்டார். கொண்டுவர ஆள் இல்லை. அடுத்த வரியையும் எழுதினார்: ‘குறை: ஆயா பணியிடத்தில் இல்லை. எழுத்து மூலம் விளக்கம் பெறவும்.’

பன்னிரண்டு மணிக்கு ஜீப் போய்விட்டது. கம்பெனி வண்டியை அனுப்பிவிட்டு ஆயா திரும்பி வந்ததும், விளக்கத்தை எழுதுவதற்காக ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தார் சார். “நல்லா கெடுத்தியே ஆயாம்மா! எல்லாம் பிரமாதம், ஒன்னத் தவிர.”

“சார், இவங்க போயிக் கூப்பிடலன்னா நாப்பது எங்கேருந்து வந்திருக்கும்?” நீலாவதி டீச்சர் குறுக்கே புகுந்தார். ஏழு வருஷக் கதையை அவர் சொல்ல, சார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “உள்ளத உள்ளபடி எழுதுங்க ஆயாம்மா,” என்றார் டீச்சர். “நானும் கீழ கையெழுத்துப் போடறேன்.”

இஞ்ஞாசியம்மாள் தலையாட்டி மறுத்தார். “உள்ளத எழுதுனா, புள்ளைங்க வூட்டுல வேல செய்யிறதையும்தான டீச்சர் எழுதணும்? நாளைக்கே சிந்தாமணி வூட்டு வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும். அவ பயந்துகிட்டு பொண்ணக் கொண்டுபோயி வேப்பூருல தங்கச்சி வூட்டுல உட்டுடுவா. அப்புறம் எந்த வூட்டுல போயி நான் கூப்புடறது?”

“காரணம் இல்லன்னா ஒன் வேலைக்கே ஒல வெச்சிடுவாங்க,” என்றார் சார். இந்த முறை குரலில் அதட்டல் இல்லை.

“வயித்து வலின்னு எழுதிடறேன் சார்.”

“பொய்யா எழுதப் போற?” என்றார், இரண்டு பக்கப் படிவத்தை நிரப்பிய அரங்கநாதன் சார். உண்மையிலேயே அவருக்கு அதிர்ச்சிதான்.

“ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன் சார். அதுவரைக்கும் ஆண்டவர் பொறுத்துக்குவாரு.”

நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். அஞ்சாம் வகுப்பு எழுத்து. ஒவ்வொன்றாக நிறுத்தி எழுதி, முழுப் பெயரையும் போட்டு, மை காயும்வரை ஊதிக் கொடுத்தார். பிறகு எழுந்து, இடது கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் கோணலாக வளைத்து, படியிறங்கி, தட்டு கழுவும் இடம் வரைக்கும் அப்படியே நொண்டி நொண்டி நடந்து போனார்.