மூன்றடி உயரத்தில் கோவில்பதாகை வீடு

பெர்கனில் வெயில் வந்தால் அலுவலகம் காலியாகிவிடும். முதல் முறை, தீயணைப்பு ஒத்திகை என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். வெளியே எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்று, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவடியில் ஒருவர் அப்படி நின்றால் நிழலில் உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுப்போம். வெயிலுக்கு இப்படி ஏங்கும் நார்வே ஊரில் எனக்குக் கிடைத்த வேலை, சூரியனைக் கொஞ்சம் மங்கலாக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது.

விளையாட்டில்லை. வானத்தில் வெகு உயரத்தில் நுண்துகள்களைத் தூவினால் வெயிலில் சிறு பங்கு திரும்பிப் போகும். பூமி சற்றுக் குளிரும். ஆனால் மழை இடம் மாறலாம். நம் நாட்டைப் போன்ற நாடுகளில் யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்பதே என் ஆராய்ச்சி. கணினி உலகத்தைச் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, கூடவே வங்கக் கடலில் ஒரு துண்டு, எல்லாம் ஒரே சதுரம். ஆக, என் கணினியில் எங்கள் வீடு பாதி கடல். பக்கத்து ஏரி நிரம்பும் வாரங்களில் அது பெரிய பிழையும் இல்லை.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் அப்பா வீடு கட்டிய புதிதில் ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போவோம். ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, நான் கல்லூரி முடித்தபோது இரண்டு படி இறங்கினோம். எங்களோடு மழைத்தண்ணீரும் இறங்கியது. ராணுவ டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா கடைசியில் முடிவெடுத்தார்: வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது.

பக்கத்து மேசை இங்கிரிட்டிடம் சொன்னேன்.

"எங்கே கொண்டுபோகிறார்கள்?"

"எங்கேயும் இல்லை. அதே இடம், கொஞ்சம் மேலே."

பிறருடைய மதச் சடங்குக்குக் காட்டும் மரியாதையோடு தலையாட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்து அப்பா அழைத்தார். "ஏம்மா, நீதான் மழை ஆராய்ச்சி பண்றியே. மூணடியா, அஞ்சடியா? சட்டுனு சொல்லு, மேஸ்திரி நிக்கிறாரு."

நான் பட்டியல் போடுகிறவள். ஒன்று, துகள் தூவினால். இரண்டு, தூவாவிட்டால். மூன்று, தூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால். ஒவ்வொன்றிலும் நம் ஐப்பசி மழை கூடவும் கூடலாம், குறையவும் குறையலாம்.

"அதாவது?"

"உறுதியா சொல்ல முடியாதுப்பா."

"இதச் சொல்லவா அவ்ளோ தூரம் போன?"

மேஸ்திரி போனை வாங்கினார். "இன்னாம்மா, சூரியனையே டிம் பண்றியாமே? அத்த வுடு. இன்னும் எத்தினி தபா ரோடு போடுவான், அத்த சொல்லு."

அது என் கணினியில் இல்லை. மானம் போன அவசரத்தில், "அஞ்சடி. பத்திரமா இருக்கட்டும்" என்றேன். அப்பாவும் சரி என்றார், மேஸ்திரியும் சரி என்றார்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் வந்தது. "ஏறப்போறது யாரு?"

அம்மாவின் முட்டி சமதரையிலேயே சத்தம் போடும்.

"அஞ்சடின்னா பத்து படி. பால் பாக்கெட்டுக்கு, குப்பை வண்டிக்கு, கோயிலுக்கு. என்னிக்கோ வர்ற வெள்ளத்துக்கு அன்னிக்கு ஒரு நாள் மொட்டைமாடி ஏறிக்கிறேன். தினம் என்னால ஆகாது. மூணடி."

பாதிக்கப்படப்போகிறவர்களைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்று என் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன். நல்ல பத்தி. எழுதியவள் சொந்த அம்மாவைக் கேட்க மறந்துவிட்டாள்.

மூன்றடிதான் தூக்கினார்கள். அன்று அம்மா வீடியோவில் அழைத்தபோது பெர்கனில் வெயில் வந்து, அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. போனோடு நானும் வெளியே போனேன். சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே வரிசையாக ஜாக்கிகளாம். அந்த இடைவெளி வழியே கொல்லைப்புற முருங்கை தெரிகிறது என்றாள் அம்மா. இங்கிரிட் எட்டிப் பார்த்தாள்; அம்மா சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

"இப்போது வீடு தரையில் இல்லையா?"

"இல்லை."

"விழுந்துவிடாதா?"

நான் தமிழில் கேட்டேன். "எல்லா ஜாக்கியையும் ஒண்ணா திருப்புனா வுயாது" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார்.

"பாத்தியா, எவ்ளோ ஒசரம்!" என்றாள் அம்மா. எனக்குத் தெரியவில்லை. திரை முழுக்க வெயில். சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடிச் சூரியனைப் பார்த்து நிற்க, நான் மட்டும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, உள்ளங்கையால் வெயிலைக் கொஞ்சம் மறைத்தேன். வீடு தெரிந்தது.