ஆட்டு மருந்தில் பாதி

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. மில்லில் எனக்கு வார விடுமுறை. எழுந்ததும் குழாயில் தண்ணீர் பிடித்தேன், பால் காய்ச்சினேன். நாயின் காது மடல்களையும் விரலிடுக்குகளையும் விரித்துப் பார்த்து, உண்ணிகளைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். சித்திரையிலிருந்து அவை குறையவே இல்லை. பிறகு சமையலறை மூலையில் பழைய சேலை விரித்திருந்த பெட்டியை எட்டிப் பார்த்தேன். பூனை மூன்று குட்டிகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டிகள் அப்போதுதான் கண் திறந்திருந்தன. தாய்க்குக் கழுத்தெல்லாம் தெள்ளுப்பூச்சி. சொறிந்து சொறிந்து ஓரிடத்தில் முடி கொட்டியிருந்தது.

போன ஈற்றுக் குட்டிகளைத் தெள்ளுதான் கொன்றது. ரத்தம் உறிஞ்சப்பட்டு ஈறெல்லாம் வெளுத்து, ஒவ்வொன்றாகச் செத்தன. அப்போதே மருந்து போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று என் மனைவி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் குட்டிகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதே அவளுக்கு நினைப்பாக இருந்தது.

முற்பகலில் மச்சினன் வந்தான். எரியோட்டில் ஆடு வளர்ப்பவன். அய்யலூர் சந்தையில் கிடாய் விற்றுவிட்டு நேராக வந்திருந்தான். அக்கா கேட்டிருந்தபடி, தன் ஆடுகளுக்குப் போடும் உண்ணி மருந்தைக் கொண்டுவந்திருந்தான். வாளியில் கலந்து முதலில் நாயைக் குளிப்பாட்டினான். நாய் உதறியதில் அவன் வேட்டியெல்லாம் நனைந்துபோனது.

“ஏலே, நாயைக் குளிப்பாட்டச் சொன்னா நீ குளிச்சிட்டு நிக்கிற” என்றாள் மனைவி.

“இருக்கட்டும்க்கா. எனக்கும் நாலு உண்ணி இருக்கும், சாவட்டும்.”

அடுத்துப் பூனையைக் கொண்டுவரச் சொன்னான். நான் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மாடு, ஆடு, நாய் என்று மட்டும் இருந்தது.

“பூனைன்னு போடலையே மாப்ளே.”

“நாய்னு போட்டிருக்குல்ல மச்சான்? பூனை அதுல பாதி. மருந்தையும் பாதியா ஊத்துவோம். இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கிறீக.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனைவி துண்டால் சுற்றிப் பூனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முதுகில் ஊற்றித் தேய்த்தான். வழிந்த தண்ணீரில் தெள்ளுகள் செத்து மிதந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். ஈரம் காயும் முன்பே பூனை பெட்டிக்குத் திரும்பி உடம்பை நக்கத் தொடங்கியது. குட்டிகள் முட்டிக்கொண்டு மடியில் வாய் வைத்தன. மச்சினன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

பிற்பகலில் பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது. பிறகு முகம், பிறகு உடம்பு முழுக்க. நிற்க முடியாமல் பக்கவாட்டில் சரிந்து கால்களை உதைத்தது. ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே வரிசை நின்றது. “பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டே போகுது, புழுவா இருக்குமோ?” என்று நாயோடு நின்ற ஒருவர் பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு வேறு சந்தேகம். “பூனை முடி வயித்துக்குள்ள போனா பிள்ளை தங்காதுங்கிறாகளே, நெசமா?” வேறொரு நாளென்றால் என் மனைவியும் அந்தப் பேச்சில் சேர்ந்திருப்பாள். அவள் மடியில் கிடந்த பூனையைப் பார்த்ததும் அவர்களே பேச்சை நிறுத்திவிட்டு எங்களுக்கு வழிவிட்டார்கள்.

டாக்டரம்மா மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“இந்த மருந்து ஆட்டுக்கு ஆகும், அளவாப் போட்டா நாய்க்கும் ஆகும். பூனைக்கு ஆகவே ஆகாதும்மா. அதோட ஈரலால இதை முறிக்க முடியாது. பாதி, கால்னு கணக்கே கிடையாது.”

நடுக்கத்துக்கு ஊசி போட்டார். பாத்திரம் கழுவும் சோப்பால், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசச் சொன்னார். நாங்கள் அலசினோம். துடைத்து, துணியில் சுற்றி, ஊசி போட்ட மேசையில் கிடத்தினோம்.

“குட்டிக பால் குடிச்சதா?” என்று கேட்டார்.

குடித்தன என்று நான்தான் சொன்னேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பூனை அந்த மேசையிலேயே செத்துப்போனது. டாக்டர் சொன்ன குட்டிப் பால்மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. மூன்றாவது நடுங்கிக்கொண்டிருந்தது. அதையும் சோப்புப் போட்டு அலசித் துணியில் சுற்றி வைத்தேன்.

மச்சினன் போன் செய்தான். மனைவி எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

“என்ன மச்சான், இப்பத் தெள்ளு கொறைஞ்சிருக்கா?”

சொன்னேன். “அக்கா என்ன சொல்லுது?” என்று மட்டும் கேட்டான். மனைவி குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். போதும் வா என்றேன்.

“நான்தான புடிச்சிருந்தேன். ஒரு தடவகூட அது என்னையப் பெறாண்டலை” என்றாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

போன ஈற்றுக்கு, மருந்து போடாததால் செத்தன என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது அவளுக்கு இருந்தது. இந்த ஈற்றுக்கு அதுவும் இல்லை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் காலையில், முகம் கழுவும் முன் பெட்டிக்குள் கையை விட்டேன். குட்டியின் உடம்பில் சூடு இருந்தது. சொட்டு மருந்து விடும் பில்லரில் பால் எடுத்து அதன் வாயோரம் வைத்தேன். பால் உள்ளே போகாமல் தாடை வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.